உருபில் தொடங்கும் வரம்பு: கணினியும் மனிதரும் ஒரே பொருளில் படிக்கும் தமிழ்

“எல்லா மாத்திரைகளையும் சாப்பிடக் கூடாது.” இந்த வாக்கியத்தில் எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் ஒரு மாத்திரையைக்கூடத் தொடக் கூடாது என்று ஒருவர் இதைப் படிக்கலாம். சிலவற்றைச் சாப்பிடலாம், அத்தனையையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று இன்னொருவர் படிக்கலாம். இருவர் படித்ததும் சரிதான். திருச்சி தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் மருத்துவமனை, ஸ்கேன் சென்டர், லேப், மருந்துக்கடை என்று வரிசையாக நிற்கின்றன. புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் அங்கே வைத்தியம் பார்த்துவிட்டு மருந்துக் கவரோடு ஊர் திரும்புகிறார்கள். கடைக்காரர் எதிரில் நின்று சொல்லும்போது குரலும் கையும் பொருளைத் தெளிவாக்கிவிடும். ஊருக்குப் போனபின் மிஞ்சுவது கவர்மேல் எழுதிய எழுத்துதான்.

எழுதுகிறவர் நினைத்த பொருள் ஒன்று, படிக்கிறவர் கொள்ளும் பொருளும் அதே ஒன்று என்று உறுதி சொல்லக்கூடிய தமிழை வகுக்க முடியுமா? அந்தத் தமிழைக் கணினியும் பகுத்துப் படித்துத் தர்க்க வடிவில் எழுத வேண்டும் என்றால் அதன் இலக்கணம் எப்படி இருக்க வேண்டும்? மொழியியலிலும் கணினியியலிலும் இதற்கென்றே ஒரு துறை வளர்ந்திருக்கிறது. இயல்பான மொழி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் சொற்களையும் தொடரமைப்பையும் வேண்டுமென்றே சுருக்கி, எஞ்சியதற்கு உறுதியான பொருளைக் கட்டுவது அதன் வேலை. அப்படிச் சுருக்கிய மொழியை இங்கே வரம்புமொழி என்று அழைக்கிறேன்.

ஆங்கிலத்தில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. சி.கே. ஆக்டன் 1930-இல் 850 சொற்களைக் கொண்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ திட்டத்தை வெளியிட்டார். 1970-களின் தொடக்கத்தில் கேட்டர்பில்லர் நிறுவனம், உலகெங்கும் தன் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களுக்காகச் சுருக்கிய ஆங்கிலத்தில் கையேடுகள் எழுதியது. விமானத் துறையின் வழிகாட்டி 1986-இல் வந்தது. இன்று அது ஏ.எஸ்.டி.-எஸ்.டி.ஈ. 100 என்ற தரநிலை. செயல்முறை சொல்லும் வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25 சொல்லைத் தாண்டக் கூடாது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்பவை அதன் விதிகளில் சில. இவையெல்லாம் மனிதர் படிப்பதற்காக எழுந்தவை.

இரண்டாம் வகை, கணினி படிப்பதற்கானது. சூரிச் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் ஃபுக்ஸும் ரோல்ஃப் ஷ்விட்டரும் 1995-இல் தொடங்கிய ‘அட்டெம்ப்டோ’ ஆங்கிலம் இதில் தலையாயது. அதில் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும், புரோலாக் என்ற நிரல்மொழியில் எழுதிய பார்சர், அதாவது வாக்கியத்தைப் பகுக்கும் மென்பொருள், தர்க்க வடிவமாக மாற்றிவிடும். பொருள் மயங்கும் இடத்தில் அது கையாளும் முறை கவனிக்கத் தக்கது. சில அமைப்புகளை அறவே விலக்கும். சிலவற்றை அனுமதித்து, அவற்றுக்கு ஒரே பொருள்தான் என்று சட்டம் போட்டுவிடும். முன்னிடைச்சொல் தொடர் எப்போதும் வினையோடுதான் சேரும் என்பது அப்படிப்பட்ட சட்டம். எழுதியவர் பெயரோடு சேர்க்க நினைத்திருந்தால் வாக்கியத்தை வேறு விதமாக எழுத வேண்டும். தான் கொண்ட பொருளை மென்பொருள் மறுபடி எழுதிக் காட்டுவதால், எழுதியவர் சரிபார்த்துக்கொள்ளலாம். ஷ்விட்டர் பிறகு ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தில் ‘பெங்’ என்ற மொழியையும், அடுத்து என்ன சொல் வரலாம் என்று ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் காட்டும் எடிட்டரையும் உருவாக்கினார்.

டோபியாஸ் கூன் 2014-இல் இந்தத் துறை முழுவதையும் அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். துல்லியம், சொல்லும் திறன், இயல்புத்தன்மை, எளிமை என்ற நான்கு அளவுகோல்களில் 100 மொழிகளை அவர் வகைப்படுத்தினார். அந்த நூறும் ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டவை. தமிழில் வேலை தொடங்குகிறவர் இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதைச் சொல்வரிசை சொல்கிறது. ஆகவே அங்கே வரம்பு சொற்பட்டியலிலும் சொல்வரிசையிலும் விழுந்தது. தமிழில் அந்தச் சுமையைத் தாங்குவது சொல்லின் கடைசியில் ஒட்டும் உருபு, விகுதி, எச்சம். அதனால் தமிழுக்கான வரம்பை உருபிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. ஆங்கில விதிகளை மொழிபெயர்த்து வைத்தால் மயக்கம் பிறக்கும் இடத்தைத் தொடாமலேயே போய்விடுவோம்.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. பாணினியின் அஷ்டாத்யாயியில் ஏறத்தாழ 4,000 சூத்திரங்கள் உள்ளன. ஒலிமாற்ற விதியின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டப் பாணினி தனிக் குறியீடு எதையும் படைக்கவில்லை. சமஸ்கிருதத்தின் வேற்றுமை உருபுகளையே எடுத்து அவற்றுக்கு நூலுக்குள் மட்டும் செல்லும் உறுதியான பொருளைக் கொடுத்தார். ஆறாம் வேற்றுமை ஏற்ற ஒலி நீங்குவது. முதல் வேற்றுமையில் நிற்கும் ஒலி அதன் இடத்தில் வருவது. ஏழாம் வேற்றுமை ஏற்ற ஒலிக்கு முன்னும், ஐந்தாம் வேற்றுமை ஏற்ற ஒலிக்குப் பின்னும் அந்த மாற்றம் நிகழும். இந்த ஒப்பந்தத்தைச் சொல்லவே தனிச் சூத்திரங்கள் உண்டு. இன்றைய கணினி இலக்கணக்காரர் அம்புக்குறி போட்டு எழுதும் மாற்ற விதியை அவர் உருபுகளால் எழுதியிருக்கிறார். உருபுக்குப் பொருளைக் கட்டினால் துல்லியம் கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது.

தமிழ் இலக்கணிகள் எதிர்ப்பக்கத்திலிருந்து உதவுகிறார்கள். உருபு எங்கெங்கே மயங்கும் என்று அவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஓர் இயலுக்குப் பெயரே வேற்றுமை மயங்கியல். நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் மயங்க வைத்தலையும் சேர்த்திருக்கிறது. வரம்புத் தமிழை வகுக்க உட்காருகிறவருக்குத் தேவையான பொருள்மயக்கப் பட்டியலில் பாதி அங்கேயே கிடைக்கிறது.

‘உம்’ என்ற இடைச்சொல்லைப் பாருங்கள். தொல்காப்பியமும் நன்னூலும் அதற்கு எட்டுப் பொருள் சொல்கின்றன: எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். “இரவும் இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள்” என்றால், இரவு தவிர வேறு எந்த வேளை? எச்சவும்மை, சொல்லாத ஒன்றைச் சுட்டிவிட்டுப் போய்விடுகிறது. இதோடு ஏவலில் வரும் ‘உம்’ வேறு. “செவிலியர் வரவும் மருந்தைக் கொடுக்கவும்” என்று ஒரு குறிப்பு இருந்தால், செவிலியரை வரச் சொல்கிறதா, அவர் வந்தவுடன் வேறொருவரைக் கொடுக்கச் சொல்கிறதா? வரம்புத் தமிழில் ‘உம்’முக்கு இரண்டே வேலை போதும். இரண்டு பொருளையும் பெயர் சொல்லி இணைக்கும் எண்ணும்மை ஒன்று: “காலையிலும் இரவிலும்”. ‘எல்லா’, ‘எந்த’, எண்ணுப்பெயர் ஆகியவற்றோடு வரும் முற்றும்மை இன்னொன்று. ‘செய்யவும்’ என்ற ஏவலை விட்டுவிட்டுச் ‘செய்யுங்கள்’ என்று எழுத வேண்டும். ‘எல்லா’வும் எதிர்மறை வினையும் ஒரே வாக்கியத்தில் சேரக் கூடாது. எதுவுமே கூடாது என்றால் “எந்த மாத்திரையையும் சாப்பிடக் கூடாது”. சேர்த்துச் சாப்பிடுவதுதான் கூடாது என்றால் “ஒரு வேளைக்கு ஒரு மாத்திரையை மட்டும் சாப்பிடுங்கள்”.

‘வேண்டாம்’ என்பதும் இப்படித்தான். “இரவில் இந்த மருந்தைச் சாப்பிட வேண்டாம்” என்பது தடையா, தேவை இல்லை என்ற தகவலா? தடைக்குக் ‘கூடாது’, அவசியமின்மைக்குத் ‘தேவையில்லை’ என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ‘வேண்டாம்’ என்பதற்கு ஓய்வு கொடுக்கலாம். பேச்சில் அது மிக மென்மையான சொல் என்பதால் இதை எழுதவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அந்த மென்மையில்தான் மயக்கமும் இருக்கிறது.

பெயரெச்சம் இதைவிடக் கடினம். அது ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று நன்னூல் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். ‘எழுதிய’ என்ற ஒரே எச்சம் எழுதிய மருத்துவர், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய நாள், எழுதிய சீட்டு என்று எல்லாவற்றுக்கும் பொருந்தும். எச்சத்துக்கும் பெயருக்கும் இடையே உள்ள உறவு உருபில்லாமல் மறைந்து நிற்கிறது. மனிதர் அதைச் சொல்லின் பொருளைக் கொண்டு ஊகித்துவிடுவார். பார்சருக்கு அந்த ஊகம் கிடையாது. “பார்த்த மருத்துவர்” என்றால் மனிதருக்குமே திணறல்தான். இங்கே தமிழே ஒரு வழி காட்டுகிறது. “மாத்திரையை எழுதிய மருத்துவர்” என்னும்போது ஐ உருபு ஏற்ற பெயர் உள்ளே இருப்பதால், வெளியே நிற்பவர் செய்தவர். “மருத்துவர் எழுதிய மாத்திரை” என்னும்போது செய்தவர் உள்ளே இருப்பதால், வெளியே நிற்பது செயப்படுபொருள். ஆகவே செயப்படுபொருள் குன்றாத வினையின் பெயரெச்சத்துக்கு முன் எழுவாயோ ஐ உருபு ஏற்ற பெயரோ, இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி செய்தால் போதும். காலமும் இடமும் சொல்ல ‘எழுதிய நாளில்’, ‘எழுதிய இடத்தில்’ போன்ற ஒரு சில பெயர்களை மட்டும் அகராதியில் குறித்துவைக்கலாம்.

தொகைநிலைத் தொடர் அடுத்தது. எலி மருந்து, காய்ச்சல் மருந்து, குழந்தை மருந்து, மூலிகை மருந்து. நான்கும் ஒரே அமைப்பு. முதலாவது எலியைக் கொல்வது, இரண்டாவது காய்ச்சலைப் போக்குவது, மூன்றாவது குழந்தைக்குக் கொடுப்பது, நான்காவது மூலிகையால் ஆனது. ஸ்ரீரங்கத்தில் 13-ஆம் நூற்றாண்டில் வைணவ ஆசிரியர் நம்பிள்ளை சொன்ன உரைகளை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய காலம் தொட்டு இன்றுவரை, நம் உரை மரபில் பதவுரை சொல்கிறவர் முதலில் செய்வது தொக்கி நின்ற உருபை விரித்துச் சொல்வதுதான். வரம்புத் தமிழில் அந்த விரிவை உரைகாரருக்கு விடாமல் எழுதுகிறவரே செய்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விதியை முன்வைக்கிறேன்: உருபு ஏற்காத இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வரக் கூடாது. இந்த ஒரு விதி பல மயக்கங்களை ஒருசேரத் தீர்க்கிறது. ‘எலி மருந்து’ விலகும். ‘எலியைக் கொல்லும் மருந்து’ என்று விரியும். ‘மருந்துக்கடை’ போல நிலைத்துவிட்ட தொகைகளைச் சேர்த்து எழுதி, ஒரே சொல்லாக அகராதியில் வைத்துக்கொள்ளலாம். ‘மருத்துவர் மாத்திரை கொடுத்தார்’ விலகும். ‘மாத்திரையைக் கொடுத்தார்’ என்று உருபு வெளிப்படும். “மருத்துவர் நோயாளி கேட்ட மாத்திரையை எழுதினார்” என்பதில் இரண்டு எழுவாய்கள் முட்டிக்கொள்கின்றன. அதுவும் விலகி, “நோயாளி கேட்ட மாத்திரையை மருத்துவர் எழுதினார்” என்று தெளியும். வினையில்லாத வாக்கியம் மட்டும் இடறும்: “பாராசிட்டமால் மருந்து” என்பது வாக்கியமா, தொடரா? ‘பாராசிட்டமால் என்பது காய்ச்சலைக் குறைக்கும் மருந்து’ என்று ‘என்பது’ போட்டால் அந்தச் சிக்கலும் தீரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. “மாத்திரை வாங்கி வா” என்பதற்கும் “மாத்திரையை வாங்கி வா” என்பதற்கும் தமிழ் காதில் வேறுபாடு இருக்கிறது. முன்னது ஏதோ மாத்திரை. பின்னது நாம் பேசிக்கொண்டிருந்த அந்த மாத்திரை. எல்லா இடத்திலும் ஐ போட்டால் இந்த வேறுபாடு அழிந்துபோகும். அதை ‘ஒரு’, ‘அந்த’ என்ற சொற்களால் மீட்க வேண்டும்: ‘ஒரு’ வந்தால் புதிய பொருள் அறிமுகம், ‘அந்த’ வந்தால் முன்பு சொன்ன பொருள். ‘அவர்’ என்ற மரியாதைப் பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருப்பதால், மருத்துவரையும் நோயாளியையும் பற்றிப் பேசும் பத்தியில் யாரைச் சுட்டுகிறது என்று பார்சரால் தீர்க்க இயலாது. ‘அந்த மருத்துவர்’ என்றே திரும்பச் சொல்ல வேண்டும். உரைநடை கொஞ்சம் விறைப்பாகும்தான். கூன் சொன்ன இயல்புத்தன்மையும் துல்லியமும் ஒன்றோடொன்று இழுபறி செய்யும் இடம் இது. மருந்துச் சீட்டுக்கும் சட்டத்துக்கும் இந்த விறைப்பு தகும்; கடிதத்துக்கும் கதைக்கும் தகாது. அங்கே யாரும் இதைக் கேட்கவும் இல்லை.

இனி பகுத்தல். தமிழில் தொடரைப் பகுக்குமுன் சொல்லைப் பகுக்க வேண்டும். ‘மாத்திரைகளையும்’ என்ற ஒரு சொல்லில் மாத்திரை, கள், ஐ, உம் என்று நான்கு உறுப்புகள். இந்த வேலைக்கு இலங்கை ஆய்வாளர் கெங்காதரையர் சர்வேஸ்வரனும் அவரோடு பணியாற்றியவர்களும் உருவாக்கிய ‘தமிழிமார்ஃப்’ இன்று கையில் இருக்கிறது. ‘ஃபோமா’ என்ற முடிவுநிலைக் கருவியில் எழுதியது, 2021-இல் கட்டுரையாக வந்தது. தொடர்ப் பகுப்புக்குப் பிராகில் லோகநாதன் ராமசாமி உருவாக்கிய தமிழ் மரவங்கியில், அதாவது பகுத்துக் குறித்த வாக்கியத் தொகுப்பில், 600 வாக்கியங்கள் உள்ளன. கட்டற்ற தமிழைப் புள்ளியியல் முறையில் பகுக்கப் பயிற்றுவதற்கு 600 மிகக் குறைவு. கையால் எழுதிய இலக்கணம் உள்ள வரம்புமொழிக்கோ மரவங்கியே தேவையில்லை. தரவு குறைந்த மொழிக்கு வரம்புமொழி ஒரு குறுக்குவழி என்று நான் சொல்வது இதனால்தான்.

புணர்ச்சியில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘வேலை செய்தான்’ என்றால் பணி. ‘வேலைச் செய்தான்’ என்றால் வேல் என்ற ஆயுதம். ஒற்று மிகுதல் இங்கே பொருளைச் சுமக்கிறது. ஆனால் இன்று எழுதுகிறவர்களில் பலர் ஒற்றைச் சரியாக இடுவதில்லை. உள்ளே வரும்போது ஒற்று விடுபட்டாலும் ஏற்றுக்கொண்டு, மயக்கம் நேரும் இடத்தில் மட்டும் எழுதியவரைக் கேட்டு, வெளியே தரும்போது முறைப்படி ஒற்றிட்டுத் தரும் பார்சரே இங்கே பயன்படும்.

வினை கடைசியில் வருவது பார்சருக்குச் சுமை என்று ஆங்கில வழிப் பாடங்களில் படிக்கிறோம். வினைதான் எத்தனை பெயர் வேண்டும் என்று சொல்லும். அது முடிவில் வந்தால் அதுவரை ஊகமாகவே ஓட வேண்டும் என்பது வாதம். உருபைக் கட்டிவிட்டால் இந்த வாதம் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. எழுதுகிறவர் ‘குழந்தைக்கு’ என்று தொடங்கினால் எத்தனையோ வினைகள் வரலாம். ‘மருந்தை’ என்று சேர்த்தவுடன் கொடு, ஊட்டு, புகட்டு, தடவு என்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ‘கரண்டியால்’ என்றும் வந்துவிட்டால் ஊட்டு, புகட்டு, கொடு என்ற மூன்றே மிஞ்சும். ஆங்கில எடிட்டர் வினைக்குப் பின் பெயர்களைக் காட்டுகிறது. தமிழ் எடிட்டர் பெயர்களுக்குப் பின் வினைகளைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வினைக்கும் எந்த உருபு கட்டாயம், எது விருப்பம் என்று எழுதிய வினையகராதிதான் இதற்கு உயிர். பகுப்பு முறையாக ஜே எர்லி 1970-இல் தந்த அட்டவணை முறையே போதும். பல பகுப்புகளை ஒருசேர வைத்துக்கொண்டு போக வேண்டுமானால் மசாரு தோமிதா 1980-களில் வகுத்த முறை இருக்கிறது. அதன் பின்னணியில் தமிழைப் போலவே வினை கடைசியில் வரும் ஜப்பானிய மொழி உண்டு.

தமிழில் இதுவரை நடந்ததைப் பார்ப்போம். மென்பொருள் சோதனைக்கான ‘கியூகம்பர்’ கருவியின் ‘கெர்கின்’ மொழி எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. தமிழும் அதில் உண்டு. அம்சம், காட்சி, கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது என்பவை அதன் குறிச்சொற்கள். ஆங்கிலத்தில் போலவே அவை வாக்கியத்தின் தலையில் நிற்கின்றன. தமிழில் நிபந்தனை வினையின் வாலில் நிற்கிறது: ‘பொத்தானை அழுத்தினால்’. ‘எப்போது’ என்று தொடங்கினால் தமிழ் வாசகர் கேள்வியைத்தான் எதிர்பார்ப்பார். முத்து அண்ணாமலை உருவாக்கி 2009-இல் கட்டுரையாக விவரித்த ‘எழில்’ நிரல்மொழி இந்த இடத்தில் சரியாக யோசித்திருக்கிறது. அதில் நிபந்தனை முதலில் வரும், ‘ஆனால்’ பிறகு. சுழற்சியிலும் நிபந்தனை முதலில், ‘வரை’ பிறகு. நிரல்மொழி வரம்புமொழி ஆகாது என்றாலும் சொல்வரிசையை மொழியின் இயல்புக்கு வளைத்த பாராட்டு எழிலுக்குச் சேரும்.

யாரும் இலக்கணம் என்று பெயரிடாமல் நாள்தோறும் புழங்கும் வரம்புத் தமிழும் ஒன்று உண்டு. திருச்சி ஜங்ஷனில் ஒலிக்கும் அறிவிப்பு: பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வண்டி எண் 12654, திருச்சிராப்பள்ளியிலிருந்து விருத்தாசலம், விழுப்புரம் வழியாக சென்னை எழும்பூர் வரை செல்லும் மலைக்கோட்டை அதிவிரைவு வண்டி, இத்தனையாவது நடைமேடையிலிருந்து புறப்படும். வண்டி எண், ஊர், நடைமேடை மாறும், சட்டகம் மாறாது. ‘வழியாக’, ‘வரை’ என்ற இரண்டும் ஊர்ப்பெயரை உருமாற்றாமல் ஏற்றுக்கொள்ளும் சொற்கள். துண்டு துண்டாகப் பதிவுசெய்த குரலை ஒட்டுவதற்கு இதைவிட வசதி இல்லை. ‘இலிருந்து’ அப்படி அன்று. மதுரை மதுரையிலிருந்து ஆகும், எழும்பூர் எழும்பூரிலிருந்து ஆகும், ஸ்ரீரங்கமோ மகரம் கெட்டு அத்துச் சாரியை பெற்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஆகும். இத்தகைய வரம்புமொழியை வகுப்பவர், ஊர்ப்பெயருக்குப் பெயர்வடிவம் ஒன்றும் உருபு ஏற்கும் வடிவம் ஒன்றுமாக இரண்டை அகராதியில் வைத்தாக வேண்டும்.

துல்லியம் உயிர் காக்கும் என்பதை விமானத் துறை பட்டுக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். வானொலியில் பேசிய சொற்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது அதன் காரணங்களில் ஒன்று. அதன்பின் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை உண்மையில் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்று ஆனது. மருந்திலும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் நடத்தி 2006-இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு மாத்திரை வீதம் தினம் இருவேளை என்ற குறிப்பை எழுத்தறிவு குறைந்தவர்களில் 71 சதவீதத்தினர் சரியாகச் சொன்னார்கள். எத்தனை மாத்திரை என்று எடுத்துக் காட்டச் சொன்னபோது 35 சதவீதத்தினரால்தான் முடிந்தது. நம் ஊர்ச் சீட்டில் எழுதும் 1-0-1 என்ற குறி, வேளையையும் அளவையும் தனித்தனியாகக் காட்டுவதால் இதைவிடச் சிறந்தது என்று எண்ணுகிறேன். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, வலி இருந்தால் மட்டுமா, எத்தனை நாள் என்பதற்கு அந்தக் குறி போதாது. அங்கே வாக்கியம் வேண்டும். “காலை உணவுக்குப் பின் ஒரு மாத்திரையை விழுங்குங்கள். வலி இருந்தால் மட்டும் இரவு உணவுக்குப் பின் ஒரு மாத்திரையை விழுங்குங்கள்.” வேளை, நிபந்தனை, அளவு, வினை என்று நான்கு இடங்கள் கொண்ட சின்ன இலக்கணத்திலேயே இது அடங்கிவிடும்.

அரசுத் திட்டங்களில் தேவை இன்னும் பெரியது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குக் குறைவு. நிலத்துக்கான நிபந்தனை, 5 ஏக்கருக்குக் குறைவாக நன்செய் அல்லது 10 ஏக்கருக்குக் குறைவாகப் புன்செய் என்ற பொருளில் அமைந்தது. நான்கு ஏக்கர் நன்செயும் பன்னிரண்டு ஏக்கர் புன்செயும் உள்ள குடும்பம் தகுதி பெறுமா? ‘அல்லது’ என்பதைத் தர்க்கப்படி படித்தால் ஒன்று பொருந்தினாலே போதும், பெறும். திட்டம் வகுத்தவர்களின் நோக்கம் அதுவாக இருக்க முடியாது. இரண்டு வரம்பும் பொருந்த வேண்டும் என்பதே கருத்தாக இருக்கும். ஒன்றுமே இல்லாதவர் எந்தப் பக்கம்? அலுவலர் பொது அறிவால் தீர்த்துவிடுவார். கணினியில் நிரலாக எழுதுகிறவர் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துவிடுவார், அது வெளியே தெரியாது. வரம்புத் தமிழில் இது இரண்டு வாக்கியம்: “குடும்பத்தின் நன்செய்ப்பரப்பு 5 ஏக்கருக்குக் குறைவாக இருக்க வேண்டும். குடும்பத்தின் புன்செய்ப்பரப்பு 10 ஏக்கருக்குக் குறைவாக இருக்க வேண்டும்.” நிலம் இல்லாதவருக்குப் பரப்பு சுழியம், அவரும் பொருந்துகிறார். 1986-இல் ராபர்ட் கோவல்ஸ்கியும் அவர் குழுவினரும் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தைத் தர்க்க நிரலாக எழுதிக் காட்டினார்கள். அவர் இப்போது ‘லாஜிக்கல் இங்கிலீஷ்’ என்ற வரம்புமொழியில் ஈடுபட்டிருப்பது அந்த வேலையின் நேர்த்தொடர்ச்சி. அரசாணைகளைத் தமிழில் வெளியிடும் மாநிலத்துக்கு இது எட்டாத தூரத்தில் இல்லை.

பெரிய மொழி மாதிரிகள் வந்துவிட்டபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். கட்டற்ற தமிழைப் படித்து வரம்புத் தமிழாக மாற்றித் தர அவை உதவும். இலக்கணத்துக்கு உட்பட்ட சொற்களை மட்டுமே வெளியிடும்படி அவற்றைக் கட்டவும் முடியும். ஆனால் மாற்றியது சரியா என்பதை மருத்துவரோ அலுவலரோ தம் கண்ணால் படித்துக் கையெழுத்திட வேண்டும். அவர் படித்துச் சரிபார்க்கக்கூடிய வடிவம் தர்க்கக் குறியீடாக இருக்க இயலாது. தமிழாக, அதுவும் ஒரே பொருள் தரும் தமிழாக இருக்க வேண்டும். சோதிப்பதற்கும் வழி இருக்கிறது. கூன் தம் சோதனைகளில் ஒரு படத்தையும் சில வாக்கியங்களையும் கொடுத்து எது உண்மை, எது பொய் என்று கேட்டார். மருந்துக் குறிப்புக்கு மாத்திரைகளையும் காலை, மதியம், இரவு என்ற மூன்று பெட்டிகளையும் கொடுத்து அடுக்கச் சொன்னால் போதும்.

தமிழில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கவரில் எழுதியதைப் பாட்டிக்கு யாரோ படித்துச் சொல்கிறார்கள். படிக்கும்போது எழுத்துத் தமிழ் பேச்சுத் தமிழாக மாறுகிறது. ‘மாத்திரையை’ என்பது ‘மாத்திரைய’ ஆகும், ‘உணவுக்குப் பின்’ என்பது ‘சாப்பிட்டுட்டு’ ஆகும், விலக்கி வைத்த ‘வேண்டாம்’ திரும்ப வந்து புகுந்துகொள்ளும். ஆர்னே ராந்தா 1998-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய ‘கிராமட்டிக்கல் ஃப்ரேம்வொர்க்’ இதற்கு ஏற்ற அமைப்பைத் தருகிறது. பொருளைச் சொல்லும் அருவ இலக்கணம் ஒன்று, அதை மொழியில் எழுதும் உருவ இலக்கணங்கள் பல. ஒன்றில் பகுத்ததை இன்னொன்றில் எழுதிவிடலாம். அதை ஆங்கிலம், சுவீடிஷ், இந்தி என்று மொழிகளுக்கிடையே பயன்படுத்துகிறார்கள். தமிழில் ஒரே அருவ இலக்கணத்துக்கு எழுத்துத் தமிழில் ஓர் உருவமும் பேச்சுத் தமிழில் ஓர் உருவமும் எழுத வேண்டும். கவரில் அச்சாவது முன்னது, கைபேசியில் ஒலிப்பது பின்னது: “காலைல சாப்பிட்டப்புறம் ஒரு மாத்திரைய முழுங்குங்க. வலி இருந்தா மட்டும் ராத்திரி சாப்பிட்டப்புறம் ஒரு மாத்திரைய முழுங்குங்க.” பேச்சிலும் ஐ உருபு ‘ய’ என்று தேய்ந்தாவது நிற்கிறது, நிபந்தனை ‘இருந்தா’ என்று வினையின் வாலிலேயே நிற்கிறது. உருபில் போட்ட வரம்பு இரண்டு தமிழிலும் செல்லும்.